பழையதும் புதியதும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கம்ப்யூட்டரை நடத்தும் லினக்ஸையும் அதன் மென்பொருள்களையும் ஏன் அவ்வப்போது புதுப்பித்துவர வேண்டும் என்பதாகும். இதைச் சொன்னால், "இத்தனை நாளாய் ஓடுகிறதே, அதில் ஏன் கைவைக்க வேண்டும்?" என்கிறார்கள். வெகுநாளாய் ஓடுகிறது என்பது, சரியாய் ஓடுகிறது என்பதற்கு ருஜுவாகுமா?

ஓபன்எஸ்எஸ்எல் என்னும் ரகசியக் காப்பு மென்பொருளின், 2012-ம் வருஷம் மார்ச்சில் வெளிவந்த பதிப்பில் ஒரு பிழை இருந்தது. எதிரில் இருப்பவன் "நான் அனுப்பியது இவ்வளவு நீளம், திருப்பி அனுப்பு" என்றால், அது உண்மையா என்று அளந்து பாராமலே நம்பி, தன் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும். அதில் பிறருடைய கடவுச்சொல்லும் இருக்கலாம், ரகசியச் சாவியும் இருக்கலாம். இரண்டு வருஷ காலம் அது உலகமெங்கும் "நன்றாய்த்தான்" ஓடிற்று! 2014 ஏப்ரல் 7-ந் தேதி விஷயம் வெளிப்பட்டது. ஹார்ட்பிளீட் என்று பெயரிட்டார்கள். திருத்தமும் அன்றைக்கே வந்தது. ஆனால், போட்டுக் கொண்டவனுக்கல்லவா திருத்தம் உதவும்?

போடுவதையும் அறிந்து போட வேண்டும். டெபியன் லினக்ஸில் 'ஆப்ட் அப்டேட்' என்றால் புதிய சரக்கின் ஜாபிதா மாத்திரம் வரும். 'ஆப்ட் அப்கிரேட்' என்ற பிறகே சரக்கு இறங்கும். இறங்கிய பின்னும், முன்பே ஓடிக்கொண்டிருக்கும் வேலைகள் பழையதையே பிடித்துக் கொண்டிருக்கக் கூடும். அவைகளை நிறுத்தித் திரும்பத் துவக்க வேண்டும். கெர்னல் மாறினாலோ இயந்திரத்தையே திரும்பத் துவக்க வேண்டும். ஜாபிதாவோடு நின்றுவிடுவது, மருந்துச் சீட்டை மடியில் கட்டிக்கொண்டு ஜுரம் தணியவில்லையே என்பது போன்றதாகும்.

அப்படியானால் புதிது எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கச் சொல்லுகிறோமா? ஒருக்காலும் இல்லை. 2024-ல் வந்த எக்ஸ்ஸெட் 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளில், இரண்டு வருஷத்துக்கு மேல் நல்லவனாய் உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு பேர்வழியே கள்ள வாசல் வைத்திருந்தான். ஆண்ட்ரெஸ் பிராயண்ட் என்னும் தோழர், "வழக்கத்தைவிட உள்ளே நுழைய அரை விநாடி அதிகமாகிறதே, ஏன்?" என்று கேட்டார், தேடினார். மார்ச் 29-ந் தேதி குட்டு வெளிப்பட்டது. டெபியனின் சோதனைப் பதிப்பு வரை வந்திருந்த அந்தச் சரக்கு, நிலையான பதிப்புக்குள் நுழைவதற்குமுன் தடுக்கப்பட்டது.

ஆகவே தோழர்களே, பழையது என்பதற்காகப் பிடித்துக் கொண்டிருப்பதும் மூடநம்பிக்கை. புதியது என்பதற்காகப் பாய்வதும் மூடநம்பிக்கையே. நிலையான பதிப்பை வைத்துக் கொள்ளுங்கள். அதற்கு வரும் பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமதமின்றிப் போடுங்கள். ஆயுள் முடிந்து திருத்தம் நின்றுபோன பதிப்பை விட்டு வெளியேறுங்கள். அதற்குமுன் உங்கள் தஸ்தாவேஜுகளுக்கு வேறிடத்தில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். எதுவாயினும் ஏன், எப்படி என்று கேட்டுச் செய்யுங்கள். அந்த அரை விநாடியைக் கேள்வி கேட்ட ஒருவரால் எத்தனையோ இயந்திரங்கள் தப்பின என்பதை மறவாதீர்கள் என்று சொல்லி முடித்துக் கொள்ளுகிறோம்.