குப்பைக்குப் போகும் கணினி

(ராஜபாளையத்தில் நடந்த பயிற்சி வகுப்பில், ராஜபாளையம் - திருவில்லிபுத்தூர் வட்டாரத் தோழர்களிடமும் மாணவர்களிடமும் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நான் பேச வந்திருப்பது உங்க வீட்டுப் பரணில் கிடக்கிற ஒரு சாமானைப் பற்றி. 2011 செப்டம்பரில் ஜெயலலிதா அரசு தொடங்கிய திட்டத்தில் உங்களுக்கோ, உங்க அக்கா அண்ணனுக்கோ கிடைத்த மடிக்கணினி. மூடியில் அரசு முத்திரை இருக்கும். முத்திரையில் இருப்பது திருவில்லிபுத்தூர்க் கோபுரம் என்றுதான் நம்ம பக்கத்தில் சொல்வார்கள். அந்தக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே போக நம்ம பாட்டன் பூட்டனுக்கு உரிமை இருந்ததா என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது கிடக்கட்டும். மூடியைத் திறந்தால் என்ன ஆகிறது? பத்து நிமிசம் சுத்துது, அப்புறம் நின்னுபோகுது. கடையில் கொண்டுபோய்க் காட்டினால், "இது செத்துப்போச்சு தம்பி, புதுசு வாங்கிக்க" என்கிறார்கள்.

செத்துப்போச்சு என்று தீர்ப்புச் சொல்வது யார் என்பதுதான் என் பேச்சு.

அதற்கு முன்னால், நமக்கு எதற்குக் கணினி என்று கேட்கிற மூத்த தோழர்களுக்கு ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். போன்தான் இருக்கே என்பீர்கள். போனில் படம் பார்க்கலாம். நாலு பக்க மனுவைப் போனில் அடித்துப் பாருங்கள், தெரியும். ஒரு வன்கொடுமை நடக்கிறது. புகார் எழுத வேண்டும். நாம் எங்கே போகிறோம்? பஜாரில் டைப் அடிக்கிற கடைக்கு. கடைக்காரர் யார், எந்தத் தெரு? மனு கலெக்டர் ஆபீசுக்குப் போய்ச் சேர்வதற்கு முந்தியே ஊருக்குள் சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது. சாட்சிகள் பெயரை வரிசையாகப் போட்டு நாமேதானே அடிக்கக் கொடுத்திருக்கிறோம்! மறுநாள் சாட்சி வீட்டு வாசலில் ஆள் நிற்கிறான். 1989ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015இல் திருத்தி, பாதிக்கப்பட்டவர்கள், சாட்சிகள் உரிமைக்கென்றே 15ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். சட்டம் சாட்சியைப் பாதுகாக்கச் சொல்கிறது. நாம் சாட்சியின் பெயரைக் கடைக்காரர் மெசினிலேயே விட்டுவிட்டு, அதற்குக் காசும் கொடுத்துவிட்டு வருகிறோம்.

அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கினார். ரெட்டைமலை சீனிவாசன் அதற்கும் முன்னால் 1893இலேயே 'பறையன்' என்று பத்திரிகை நடத்தினார். நம் எழுத்தை அடுத்தவன் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம்ம காலத்து அச்சுக்கூடம் இந்தக் கணினிதான். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், சாதிச் சான்றிதழ், டி.என்.பி.எஸ்.சி. பதிவு எல்லாமே இன்றைக்கு இந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது.

இப்ப அந்தத் தீர்ப்புக்கு வருவோம். மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலில் ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. 2021இல் வந்த விண்டோஸ் 11ஐப் போடலாம் என்றால், உன் மெசினில் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு இருக்கா, இந்தத் தலைமுறை பிராசசர் இருக்கா என்று கேட்கிறது. இல்லை என்றால் வெளியே நில். மெசினுக்கு ஒன்றும் ஆகவில்லை தோழர்களே! கீபோர்டு அடிக்கிறது, திரை எரிகிறது. உள்ளே ஓடுகிற புரோகிராமின் சொந்தக்காரன் கையைக் கழுவிவிட்டான், அவ்வளவுதான். ராஜபாளையத்தில் மில் வேலை பார்க்காத குடும்பம் நம்ம தெருக்களில் குறைவு. ரிங் பிரேமில் டிராவலர் தேய்ந்தால் டிராவலரை மாற்றுகிறார்கள். பிரேமையே தூக்கி இரும்புக் கடையில் போடுகிறார்களா?

புரோகிராமை மாற்றலாம். விண்டோஸ் இருக்கிற இடத்தில் லினக்ஸ் என்று ஒன்றைப் போடலாம். அது யுனிக்ஸ் வம்சம். யுனிக்ஸ் என்பது 1969இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் கட்டியது. பிற்பாடு அது கம்பெனிச் சொத்தாகி, விலை கொடுக்கிறவனுக்கு மட்டும் என்று ஆனது. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு யுனிக்ஸ் மாதிரியே ஒன்றைக் கட்டப்போவதாக அறிவித்தார். குனு என்று பெயர். 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தன்னிடம் இருந்த 386 கணினியில் எழுதிய கரு லினக்ஸ். ஒரு மாணவன் வீட்டு மெசினில் பிறந்தது அது. அந்த 386க்கான ஆதரவையே 2013இல் வந்த 3.8 பதிப்பில்தான் விட்டார்கள்.

இது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. எல்காட் நிறுவனத்துக்கு 2006 முதல் 2008 வரை பொறுப்பில் இருந்தவர் சி. உமாசங்கர், ஐ.ஏ.எஸ். தலித் அதிகாரி. திருவாரூர் கலெக்டராக இருந்தபோதே அலுவலகங்களைக் கணினிமயமாக்கிக் காட்டியவர். எல்காட்டில் உட்கார்ந்ததும் விண்டோஸை விட்டு சுசே லினக்சுக்கு அலுவலகத்தை மாற்றினார். அரசுப் பள்ளிகளுக்கு வாங்கிய கணினிகளிலும் லினக்ஸ் போட வைத்தார். அதே அதிகாரியை 2010 ஜூலையில், போலிச் சாதிச் சான்றிதழ் கொடுத்து வேலைக்கு வந்தவர் என்று சொல்லி இடைநீக்கம் செய்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றார்கள். பிற்பாடு மதப் பிரசாரத்தில் அவர் போன பாதையில் நமக்கு உடன்பாடு இருக்கா என்பது வேறு பேச்சு. ஒரு தலித் அதிகாரி கணினியில் காசு வாங்காத பாதையைக் காட்டினால், கடைசியில் அவர் சாதிச் சான்றிதழைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

2011இல் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் என்ற லினக்சும் சேர்ந்தே வந்தது. சென்னை சிடாக் நிறுவனத்தில் உருவானது அது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. நம்ம பிள்ளைகள் கடையில் கொடுத்து, பாஸை அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸ் ஏற்றி வந்தார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன செய்ய?

சரி, எப்படிப் போடுவது? மூன்று விசயம் பாருங்கள். மெசின் 32 பிட்டா 64 பிட்டா? ராம் எவ்வளவு? பென்டிரைவில் இருந்து கிளம்புமா? அரசு மடிக்கணினிகள் 64 பிட். முதல் வருசங்களில் வந்தவற்றில் ராம் 2 ஜிபி. அது நமக்குத் தாராளம். ஆபீசுகளில் கழித்துக் கட்டுகிற பழைய பென்டியம் 4 மேசைக்கணினிகளில் பலவும் 32 பிட்தான். அதில்தான் சிக்கல். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் மெசினில் நிறுவுகிற வசதியை விட்டுவிட்டது. மோசில்லாவும் 32 பிட் லினக்சுக்கு ஃபயர்ஃபாக்ஸ் கொடுப்பதை நிறுத்தப்போவதாக 2025இல் அறிவித்தது. ஆகவே 32 பிட் மெசினை மனு அடிக்க, கணக்கு எழுத, பிள்ளைகள் பழக வைத்துக்கொள்வோம். இணையத்துக்கு 64 பிட்.

பழைய மெசினுக்கு நான் சிபாரிசு செய்வது ஆன்டிஎக்ஸ். டெபியனை அடிப்படையாக வைத்து, கிரீசில் இருந்து வருவது. 256 எம்பி ராமில்கூட ஓடும் என்பது அதன் கணக்கு. தன்னைப் பாசிச எதிர்ப்பு லினக்ஸ் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொள்ளும். பதிப்புகளுக்கு வைக்கிற பெயரைப் பாருங்கள். 17ஆம் பதிப்புக்கு ஹெதர் ஹேயர், 2017இல் அமெரிக்காவில் நிறவெறியர்களுக்கு எதிரான ஊர்வலத்தில் கார் ஏற்றிக் கொல்லப்பட்ட பெண். 19ஆம் பதிப்புக்கு மரியெல் ஃபிராங்கோ, 2018இல் ரியோவில் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பினக் கவுன்சிலர். இதற்காக மட்டும் அதைப் போடச் சொல்லவில்லை. ஆனால் சந்தோசமாக இருக்கிறது, மறைக்க வேண்டாமே.

முதல் வேலை, மெசினுக்குள் இருக்கிற போட்டோ, மார்க் சீட்டு எல்லாவற்றையும் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். நிறுவும்போது வட்டு துடைத்துப்போகும். அப்புறம் திறந்து தூசி தட்டுங்கள். ராம் கட்டையைக் கழற்றி, அதன் தங்க நிறப் பல்லை ரப்பரால் தேய்த்துத் திரும்ப மாட்டுங்கள். செத்துப்போச்சு என்று வந்ததில் சிலது இதிலேயே எழுந்துகொள்ளும். மேசைக்கணினியில் சிஆர் 2032 பேட்டரியை மாற்றுங்கள். அது தீர்ந்திருந்தால் தேதி பல வருசம் பின்னால் போய்விடும், தேதி தப்பாக இருந்தால் அரசு வெப்சைட் ஒன்றும் திறக்காது. இன்டர்நெட்டே கெட்டுப்போச்சு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்!

ஆன்டிஎக்ஸ் கோப்பை இறக்கி, ரூஃபஸ் மாதிரி ஒரு புரோகிராமால் பென்டிரைவில் எழுதணும். வெறுமனே காப்பி செய்தால் வேலைக்கு ஆகாது. மெசினை ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஃப்2, டெலிட், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அழுத்திப் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். நிறுவாமலே லினக்ஸ் ஓடும். அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள், சத்தம் வருதா, வைஃபை பிடிக்குதா என்று. பிடிக்கவில்லையா, போனை யுஎஸ்பி வயரில் மாட்டி நெட் எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் சரி என்றால் நிறுவு என்பதை அழுத்தலாம். வட்டைப் பூட்டி வைக்கவா என்று ஒரு கேள்வி வரும். மனு, சாட்சி விவரம் வைக்கிற மெசினுக்கு ஆமாம் என்று சொல்லுங்கள். அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் கடவுளாலும் திறக்க முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள். தமிழுக்கு ஐபஸ் போட்டுத் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். 1999இல் தமிழக அரசு அங்கீகரித்தது அது, ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

தொந்தரவும் உண்டு. நம்ம ஊர்க் கடைகளில் நிறையப் பார்க்கிற கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் லினக்சில் ரொம்ப முரண்டு பிடிக்கும். பிரிண்டர் வாங்குகிற தோழர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். டிஜிட்டல் கையெழுத்துச் சாவி மாட்டுகிற சில அரசு வேலைகளுக்கு விண்டோஸ்தான் கேட்கிறார்கள். இன்னொன்று, கட்டற்ற மென்பொருள் என்று பேசுகிற கூட்டங்களில் மேடையில் யார், நாற்காலி போடுகிறவர் யார் என்றும் பார்த்திருக்கிறேன். 'கட்டற்ற' என்று பெயர் வைத்தவுடன் சாதிக் கட்டு அவிழ்ந்துவிடுவதில்லை.

ஆனால் நடந்த காரியமும் உண்டு. பெங்களூரில் பன்னேர்கட்டா சாலைப் பக்கம் சுதர்சன் லேஅவுட் சேரியில், கர்நாடகக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துத் தொண்டர்கள் அம்பேத்கர் சமுதாயக் கணினி மையம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பழைய கணினிகள், குனு/லினக்ஸ். சேரிப் பிள்ளைகள் கிம்ப் என்கிற புரோகிராமில் படம் வரைந்தார்கள். நமக்குப் பக்கத்தில், விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்குக் கற்றுத் தருகிறது. ராஜபாளையத்தில் ஏன் முடியாது?

முடியாவிட்டால் இந்தப் பெட்டிகள் எங்கே போகும் என்பதையும் யோசியுங்கள். காயலான் கடைக்குப் போகும். அங்கே வயரை எரித்துச் செம்பு எடுப்பவர் யார்? ஈயப் புகையை மூச்சில் வாங்குபவர் யார்? மின்னணுக் கழிவுக்கு 2022இல் விதி போட்டு, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கும் கொண்டுவந்தார்கள். ஆனாலும் கணினி புதுசாக வரும்போது அக்ரகாரத்து வீட்டுக்குப் போகிறது, செத்தபிறகு நம்ம பிள்ளை கையில் சுத்தியலோடு வந்து சேர்கிறது. மலம், பிணம், செத்த மாடு, இப்போது செத்த கணினி. சுத்தியல் படுவதற்கு முன்னால் அது நம் கைக்கு வரணும்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு இதே இடத்தில் கூடுகிறோம். திருவில்லிபுத்தூர்த் தோழர்கள் பஸ் ஏறும்போது மெசினைத் துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஆளுக்கு ஒன்று. மில்லுக்குப் போகிற பெண் தோழர்களுக்கு ஞாயிறுதான் லீவு, ஆகவே முதல் சுற்றில் கீபோர்டில் அவர்கள்தான் உட்காருகிறார்கள், பையன்கள் பின்னால் நின்று பார்க்கட்டும். வீட்டில் மடிக்கணினி வந்த நாளிலிருந்து தம்பிமார் கையிலேயே இருந்திருக்கிறது இல்லையா. சார்ஜரை மறந்துவிட்டு வராதீர்கள்.