குப்பையும் குப்பமும்

மரக்காணம் கரையோரத்து ஊர்ப்பெயர்களைக் கேட்டிருப்பீர்கள்: எக்கியார்குப்பம், கைப்பாணிக்குப்பம், வசவன்குப்பம், கூனிமேடுகுப்பம். இந்தக் 'குப்பம்' நகரத்துப் பேச்சுக்கு வந்ததும் தாறுமாறாக நெருக்கியடித்த குடிசைகள் என்று பொருளாகிவிடுகிறது. சிலர் வாயில் அது வசையே ஆகிறது. அதன் இனச்சொல்லான 'குப்பை' தெருவோரக் கழிவோடு நின்றுபோனது. இந்த இழிவு இரண்டு சொற்களுக்கும் பிறப்பிலேயே இருந்ததில்லை, எட்ட நின்று பார்த்தவர்கள் பின்னாளில் ஏற்றியது என்பதே என் கருத்து.

சான்று உப்பு விளையும் கரையோர மண்ணுக்கே உரியது. நற்றிணையின் 138ஆம் பாட்டில் அம்மூவனார், உமணர் விற்கக் கொண்டுபோகும் உப்பின் பெருங்குவியலைக் குப்பை என்றே சொல்கிறார். அங்கே குப்பை என்றால் விளைச்சல், செல்வம். சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்று ஓர் ஊரே இருக்கிறது. உழவர் பேச்சில் இன்றும் வயலுக்குக் குப்பை அடிப்பது என்றால் எரு போடுவது. இந்தக் குவியல்களில் எதுவும் வீணாகக் கிடப்பதில்லை. மரக்காணம் உப்பளத்தில் பாத்தியில் விளைந்த உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவிக்கிறார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அது கொட்டிவைத்தது போலத் தெரியலாம். குவித்து வைத்தால்தான் உப்போடு ஒட்டிய கசப்புநீர், அதாவது மக்னீசிய உப்புகள் கரைந்த நீர், வடியும். திடீர் மழையில் பாத்தியில் பரந்து கிடக்கும் உப்பு கரைந்தோடிவிடும். குவியலிலோ மேற்பரப்புதான் போகும். எருக்குவியலும் உள்ளே சூடேறி மக்குவதற்காகவே குவிக்கப்படுகிறது.

குப்பத்தையும் இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கிழக்கே கடல், மேற்கே கழியும் உப்பளமும். குடியிருக்க நடுவில் கிடைத்தது மணல்மேடு. கட்டுமரத்தைக் கரையேற்றவும் கரைவலை இழுக்கவும் ஒரே நேரத்தில் பல கைகள் வேண்டும், கூப்பிட்ட குரலுக்கு ஆள் வரவேண்டும். வீடுகள் நெருங்கி அமைந்ததற்கு இது போதுமான காரணம். ஒவ்வொரு குப்பத்துக்கும் தனிக் கோயில் உண்டு, வழக்குத் தீர்க்க ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. மீனவர் ஊருக்கு மட்டுமே உரிய சொல் இது என்று நினைப்பவர்கள், கடலைக் காணாத ஆந்திரத்துக் குப்பம் நகரத்தையும் நினைத்துப் பார்க்கலாம்.

சொற்கள் பொருள் மாறும், 'நாற்றம்' ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்தது, அதை யாரும் மீட்கவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். குப்பையைக் கழிவு என்று சொல்வதை நிறுத்தச் சொல்வது வீண்வேலை, நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் நாற்றம் யாருடைய முகவரியும் இல்லை. குப்பமோ பல்லாயிரம் பேரின் ரேஷன் அட்டையில் இருக்கும் ஊர்ப்பெயர். அந்த ஊர்களில் சாக்கடை இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, அதனால்தானே பெயர் கெட்டது என்பது இன்னொரு வாதம். வடிகால் கட்டாதது நிர்வாகத்தின் குறை. அதன் பழியைப் பெயர் ஏன் சுமக்க வேண்டும்? குப்பத்து இளைஞர்களிலேயே சிலர் 'நகர்' என்று மாற்றிக்கொள்ள விரும்பலாம். அது அவர்கள் உரிமை. ஆனால் வெளியூரார் ஏளனத்துக்கு அஞ்சி மாற்ற நேர்ந்தால் அந்த வெட்கம் நம்முடையது.

செய்தி எழுதுவோரும் திரைப்படத்துக்கு வசனம் எழுதுவோரும் குப்பத்தை வசையாக்குவதை விட்டுவிட வேண்டும். ஆசிரியர்கள் உமணரின் உப்புக் குப்பையைப் பாடம் சொல்லும்போது, குப்பம் என்ற ஊர்ப்பெயரையும் அதோடு சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.