பிளவுகளைப் பற்றி
(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளிவிழா மேடையில் பாராட்டுரையையே எதிர்பார்த்திருப்பீர்கள். ஆயினும், நம் சங்கத்தை இரண்டாக்கலாம் என்ற பேச்சு உறுப்பினரிடையே உலவுவதால், பிளவைப் பற்றியே பேச விழைகிறோம்.

இந்தியக் குடியரசுக் கட்சி அண்ணல் அம்பேத்கர் எண்ணியது. ஆனால் அது தோன்றுமுன் அவர் மறைந்தார். 1957 அக்டோபர் 3-இல் நாகபுரியில் அது பிறந்தபோது, முதல் தலைவரானவர் நம் தமிழகத்து என். சிவராஜ் அவர்கள். 1959-இலேயே கட்சி பிளவுற்றது. நாசிக் காலாராம் கோயில் நுழைவுப் போரை 1930-இல் முன்னின்று நடத்திய தாதாசாகேப் கெய்க்வாட், நிலமற்றோர்க்கு நிலம் கேட்டுப் போராடினார். வழக்கறிஞர் பி. சி. காம்ப்ளே தரப்பினரோ, அது பொதுவுடைமையாளர் வழி, அண்ணல் காட்டியது அரசியல் சட்ட வழி என்றனர். இதனை அற்பச் சண்டையென்று தள்ளுதல் தகாது; இரண்டும் எண்ணத்தக்க கருத்துகளே. நாட்டுப்புறத்தார் ஒருபுறமும் படித்த நகரத்தார் மறுபுறமுமாய் அது சாய்ந்ததே பெருங்கேடு. படித்தவர்களைப் படிக்க அனுப்பியவர்களே அந்நாட்டுப்புறத்தார் அல்லரோ!

பின்னர் பிரிவுகள் பலவாயின. 1998-இல் நான்கு பிரிவினர் ஒன்றுபட்டு, காங்கிரசுடன் உடன்பாடு கொண்டு நின்றனர். பிரகாஷ் அம்பேத்கர், கவாய், கவாடே, அத்வாலே ஆகிய நால்வரும் மகாராஷ்டிரத்தில், தனித் தொகுதிகளிலன்று, பொதுத் தொகுதிகளில் வென்றனர். அடுத்த ஆண்டே மீண்டும் பிரிந்தனர். 1999 தேர்தலில் அவர்களுள் இருவரே மக்களவைக்குத் திரும்பினர்.

திருச்சபைகளின் கதை சற்று வேறு. ஆங்கிலிக்கர், மெதடிஸ்டு முதலிய பிரிவுகள் அயல்நாட்டில் பிறந்து நம்மிடம் வந்தவை. 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபையாய் அவை இணைந்தன. ஆயினும் பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகவே நின்றது. ஆயர் வேண்டுமா வேண்டாவா என்ற வழக்கைத் தீர்த்தவர்க்கு இதனைத் தீர்க்க இயலவில்லை!

நம் சங்கத்தில் பல சபையினர் உளர், அம்மன் கோயிலுக்குச் செல்வோரும் உளர், கட்சிகளும் பல. உதவித்தொகை ஒரு சபைப் பிள்ளைகளுக்கே மிகுதியாகச் செல்கிறது என்பதே இன்றைய குறை. அது மெய்யா என்பதைக் கணக்கேடு சொல்லும். எதிர்வரும் பொதுக்குழுவில் அதனை மேசைமீது வைக்கும்படி செயலாளரிடம் கூறியுள்ளோம். பிரிய விரும்புவோர் அன்று வந்து அதனைப் படித்துப் பார்க்கட்டும். மாலை வகுப்புப் பிள்ளைகளை எந்தச் சங்கம் ஏற்கும் என்பதையும் அங்கேயே சொல்லட்டும்.