தாய்வழி வரும் உரிமை

பருத்தித்துறைக் கடற்கரையில் நின்று நோக்குவார்க்கு நீலக் கடலன்றி வேறொன்றும் தெரிவதில்லை. அக்கடலுக்கு அப்பாலுள்ளது கோடியக்கரை. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் வடமராட்சிக் குடும்பங்கள் பல படகேறித் தமிழ்நாட்டைச் சேர்ந்தன. அங்கே முகாம்களிற் குழந்தைகளும் பிறந்தன. அக்குழந்தைகள் எந்நாட்டுப் பிரஜைகள்?

இந்தியச் சட்டப்படி, 1987 ஜூலை 1ஆம் திகதி முதல் அம்மண்ணிற் பிறந்தமை மட்டும் போதாது. பெற்றோருள் ஒருவரேனும் இந்தியப் பிரஜையாதல் வேண்டும். ஆகவே ஏதிலியரின் பிள்ளைக்கு எஞ்சியது பெற்றோர்வழி வரும் இலங்கைப் பிரஜாவுரிமையே.

அவ்வுரிமையை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் தந்தைவழியிலேயே நிறுத்தியது. தந்தையும் பாட்டனாரும் பிறந்தவிடத்துக்குச் சான்று கேட்ட அதே சட்டந்தான் மலையகத் தமிழருள் ஏறத்தாழ 7 இலட்சம் பேரை நாடற்றோராக்கியது. வடபுலத்தார்க்கு அக்காலத்தில் அதன் கூர்மை அவ்வளவாகத் தெரியவில்லை. தாயின் நிலையோ விசித்திரமானது. திருமணத்துக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளைக்குத் தாய்வழி உரிமை உண்டு. முறைப்படி மணந்து அந்நிய நாட்டவரின் பிள்ளையைப் பெற்றவள் தன் உரிமையை அப்பிள்ளைக்கு வழங்க இயலாது! 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பின்னரே, தாய் தந்தை இருவருள் எவர்வழியிலும் அவ்வுரிமை வரலாயிற்று.

ஆயினும் வெளிநாட்டிற் பிறந்த பிள்ளைக்கு இரத்த உறவு மட்டும் போதாது. பிறந்து ஓராண்டுக்குள் இலங்கைத் தூதரகத்திலோ கொழும்பிலோ பிறப்பைப் பதிவு செய்தல் வேண்டும். தக்க காரணம் இருப்பின் அமைச்சர் தவணையை நீடிக்கலாம். தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தோர்க்கு இப்பதிவு சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தின் பணி. அதற்கு முதலில் உள்ளூர்ப் பிறப்புச் சான்றிதழ் கையில் இருத்தல் வேண்டும். சான்றிதழ் இல்லையேல் பதிவும் இல்லை.

கனடாவிலும் இங்கிலாந்திலும் குடியேறிய பருத்தித்துறையார்க்குச் சிக்கல் வேறு வகையானது. தாமே விரும்பி அந்நாட்டுப் பிரஜையானவர், இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றாலன்றி, இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்துவிடுகிறார். பிள்ளை பிறந்த நாளில் பெற்றோருள் ஒருவரேனும் இலங்கைப் பிரஜையாக இருந்தாரா என்பதையே சட்டம் நோக்குகிறது. தாய் கனடாப் பிரஜையாகுமுன் பிறந்த மூத்தவனுக்கு அவள்வழி உரிமை உண்டு. அதன்பின் பிறந்த இளையவளுக்கு இல்லை. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இருவர். இடையே ஒரு திகதி!

விண்ணப்பத்துடன் தாயின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழும் கேட்கப்படும். இடம்பெயர்வுகள் பலவற்றுக்குப் பின்னரும் அந்தப் பழுப்பேறிய தாள் எங்கேனும் எஞ்சியுள்ளதா என்று பாட்டியின் தகரப் பெட்டி திறக்கப்படுவது இதன்பொருட்டே.