கோர்வைக்கு இங்கிலீஷ்



அருப்புக்கோட்டையில் தறிச்சத்தம் கேட்டு வளர்ந்தவன் நான். ஏற்றுமதிக்குச் சேலை விவரம் இங்கிலீஷில் எழுதுவது சுலபம் என்றுதான் நினைத்தேன். முதல் பட்டியலிலேயே சறுக்கினேன். காஞ்சிபுரம் 'கோர்வை'க்கு 'கான்ட்ராஸ்ட் பார்டர்' என்று போட்டுவிட்டேன். நிறம் வந்துவிட்டது, நெசவு வரவில்லை. கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. கரையும் உடலும் ஊடையில் கோத்துக்கொண்டே வரணும். கரை நாடா வீசக் கூட ஒரு ஆள் உட்காரணும். "இதே மாதிரி கரை பாதி விலைக்குக் கிடைக்குதே" என்றார் வாங்க வந்தவர். அவர் மேல் தப்பில்லை. நான் எழுதினது அவ்வளவுதான்.

இதில் இத்தாலிக்காரர்கள் கெட்டி. நேப்பிள்ஸ் தையற்காரர்கள் கோட்டுக் கையைச் சட்டைக் கை மாதிரி வைத்துத் தைப்பார்கள்; தோளில் சின்னச் சின்னச் சுருக்கம் விழும். 'சுருங்கின தோள்' என்று எழுதினால் யார் வாங்குவார்? இங்கிலீஷிலும் 'ஸ்பல்லா கமீச்சா' என்றே விட்டுவிடுகிறார்கள். நேர் அர்த்தம் வெறும் 'சட்டைத் தோள்'தான்!

இப்போது நானும் 'கோர்வை' என்றே எழுதி, கீழே 'மூன்று நாடா, இரண்டு ஆள்' என்று ஒரு வரி சேர்க்கிறேன். புட்டாவுக்கும் முந்திக்கும் இன்னும் நல்ல வரி அமையவில்லை. இங்கிலீஷ் டிபார்ட்மென்ட் பிள்ளைகள் யாராவது சாப்பாட்டு வேளையில் வந்து பாருங்கள். சேலை கையோடு கொண்டு வந்திருக்கிறேன்.