வாசிகசாலைப் படியும் தண்டியடிகளின் கயிறும்

(குச்சவெளியில் எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நூலகக் குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



சமயத்தைப் பற்றிப் பேசவேண்டிய மேடையிலே வாசிகசாலையைப் பற்றிப் பேச வந்துவிட்டார்களே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். தேவாரம் நமக்குக் கிடைத்த வரலாற்றைச் சற்றே நினைவுகூருங்கள். தில்லையிலே பூட்டிக் கிடந்த ஓர் அறையில் ஏடுகளைச் செல் அரித்துக்கொண்டிருந்தது. இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் முயன்று அந்தக் கதவைத் திறப்பித்த பின்னரே எஞ்சிய பதிகங்கள் உலகத்துக்குக் கிடைத்தன என்று நம் மரபு கூறுகின்றது. திருஞானசம்பந்தர் நமது திருக்கோணமலைமீது பாடிய பதிகமும் அவற்றுள் ஒன்று. கதவு பூட்டியிருந்தால் ஏடு இருந்தும் இல்லாததே. அந்தப் பூட்டு இரும்பினால் ஆனதாக இருக்கலாம். மூன்று சீமெந்துப் படிகளால் ஆனதாகவும் இருக்கலாம். இன்று நாம் பேசப் புகுவது அந்த மூன்று படிகளைப் பற்றியே.

நம் அயலிலே ஒரு வாசிகசாலை உண்டு. பெயர் வேண்டாம், குறை எம்முடையது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே ஒரு புத்தகக் கண்காட்சி வைத்தோம். போர்க்காலத்திலே காலிழந்த அண்ணர் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தார். படியடியில் நின்றார். நாம் நால்வர் ஓடிச்சென்று நாற்காலியோடு அவரைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தோம். கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். படமும் எடுத்தார்கள். பெரியதொரு தொண்டு செய்துவிட்ட மனநிறைவோடு அன்றிரவு உறங்கினோம்.

அதன்பின் அவர் வரவேயில்லை. மாதங்கள் சென்றன. ஒருநாள் அவர் வீட்டுக்கே சென்று காரணம் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. சிரித்துக்கொண்டே, "தம்பிமாரே, ஒரு பேப்பர் பாக்கிறதுக்கு நான் ஒவ்வொரு நாளும் நாலு பேரைத் தேடவோ?" என்றார்.

அன்பர்களே, அந்த ஒரு கேள்விக்கு எம்மிடம் மறுமொழி இருக்கவில்லை. நாம் தொண்டு என்று நினைத்தது அவருக்குச் சுமையாக இருந்தது. நாம் தூக்கியது அவரையன்று. எமது பெருமையையே தூக்கினோம். அவருக்கு வேண்டியிருந்தது நான்கு பேருடைய தோள்கள் அல்ல. தாமே வந்து, தாமே எடுத்து, தாமே படித்து, தாம் விரும்பிய நேரத்திலே வீடு திரும்புவதற்கு ஒரு வழி.

அன்றுதான் எமக்குத் தண்டியடிகள் நாயனாரின் சரிதம் விளங்கிற்று. பெரியபுராணத்திலே பலமுறை கேட்ட கதைதான். திருவாரூரிலே பிறவியிலேயே பார்வையின்றிப் பிறந்தவர் அவர். கோயிலின் மேற்கிலுள்ள திருக்குளம் தூர்ந்து குறுகியிருப்பதை அறிந்து அதனைத் தோண்டத் துணிந்தார். எப்படி? குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டார். இரண்டுக்கும் இடையே ஒரு கயிறு கட்டினார். அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கினார், மண்ணைத் தோண்டினார், சுமந்துவந்து கரையிலே கொட்டினார். இறைவன் அவருக்குக் கண் கொடுத்த அற்புதத்தையே நாம் எப்போதும் பேசுகின்றோம். ஆனால் கண் கிடைத்த பின்னர் அவர் வேலை தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பார்வையில்லாதபோதே வேலை நடந்தது. அதை நடத்தியவை இரண்டு தறிகளும் ஒரு கயிறும். கண் கொடுப்பது கடவுளின் செயல். கயிறு கட்டுவது மனிதரால் ஆவது. அதற்கு அருள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நூலகத்தில் அந்தக் கயிறு எது? நூலகவியலின் தந்தை என்று இந்தியா போற்றும் எஸ். ஆர். இரங்கநாதன் சம்பந்தர் அவதரித்த சீர்காழியிலே 1892ஆம் ஆண்டு பிறந்தவர். திக்குவாயால் துன்புற்றும் அதனை வென்று கணிதப் பேராசிரியராகி, பின்னர் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளிலே ஒன்று, வாசகர் ஒவ்வொருவர்க்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்ற கருத்துடையது. ஒவ்வொருவர்க்கும் என்றால் ஒவ்வொருவர்க்குந்தான். படியேற முடிந்தவர்க்கு மட்டும் என்று அவர் எழுதவில்லை.

நமது நாட்டுச் சட்டமும் அவ்வாறே சொல்கின்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் வலுவிழந்த எவரையும் அந்தக் காரணத்தால் பொது இடமொன்றில் நுழையாதபடி தடுக்கலாகாது என்றது. 2006 ஒக்டோபரிலே பொதுக் கட்டடங்கள் எவ்வாறு அமையவேண்டும் என்னும் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. ஆயினும் ஏட்டிலுள்ள விதி படியிலே இறங்கவில்லை. கலாநிதி அஜித் பெரேரா என்னும் பெருமகன் 1992இலே தாம் சென்ற காரின்மீது மரம் விழுந்து, இடுப்புக்குக் கீழே இயக்கமிழந்து, சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அவர் உயர் நீதிமன்றத்திலே தாமே வழக்காடினார். 2011 ஏப்ரில் 27ஆம் திகதி, புதிதாக எழும் பொதுக் கட்டடங்கள் மலசலகூடம் உட்பட அந்த விதிகளுக்கு அமையவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. அவர் 2020இலே மறைந்தார். கட்டளை மறையவில்லை. அதனை நினைவிலே வைத்திருப்பது நம் கடமை.

"சரி, இதனால் எத்தனை பேர் பயன்பெறுவர்? நாலு பேருக்காக இவ்வளவு செலவா?" என்று கேட்போர் உளர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர் ஏதேனும் ஒரு குறையோடு வாழ்கின்றனர். பார்வைக் குறை முதலிடம். நடப்பதிற் குறை அடுத்தது. நிலாவெளி முதல் புல்மோட்டை வரை நீளும் இந்தக் கரையோரம் போரையும் கண்டது. 2004 டிசம்பர் 26இலே கடல்கோளையும் கண்டது. இங்கே எந்தத் தெருவிலே அப்படி ஒருவர் இல்லை? வாசிகசாலையில் அவர்களைக் காணவில்லை என்றால், அவர்கள் இல்லை என்பதன்று பொருள்; படி இருக்கின்றது என்பதே பொருள். மேலும், மூட்டு நோவோடு வரும் பாட்டனாரும், கைக்குழந்தையோடு வரும் தாயும் அந்தச் சாய்வுப் பாதையிலேதான் ஏறுவர். நாமும் ஒருநாள் முதுமை எய்துவோம் என்பதை இளைஞர்கள் மறந்துவிடலாகாது.

இனிச் செய்யவேண்டியவற்றைக் கணக்காகவே சொல்லிவிடுகின்றோம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்வுப் பாதைக்கு உலகெங்கும் கொள்ளப்படும் அளவு. ஆறு அங்குலப் படி மூன்று என்றால் உயரம் ஒன்றரை அடி. ஆகவே பாதை பதினெட்டு அடி நீளம் வேண்டும். இடம் போதாது என்று எட்டு அடியிலே செங்குத்தாகக் கட்டிவிட்டால், அது ஏறுவதற்கு ஆகாது, விழுவதற்கே ஆகும். இருபுறமும் கைபிடி வேண்டும். உச்சியிலே கதவைத் திறக்கும்போது நாற்காலி பின்னே உருளாதபடி ஐந்து அடிச் சமதரை வேண்டும். கதவும், இறாக்கைகளுக்கு இடையிலான வழியும் மூன்று அடிக்குக் குறையலாகாது. அடிக்கடி எடுக்கும் நூல்களும் நாளிதழ்களும் நான்கு அடி உயரத்துக்குள் இருந்தால், அமர்ந்திருப்பவர் கைக்கு எட்டும். ஒரு மேசையின் கீழாவது முழங்கால் நுழைய இரண்டேகால் அடி வெளி வேண்டும்.

நம் ஊருக்கென்று தனியாக ஒன்று உண்டு. தார்ப்பாதையிலிருந்து வாசல்வரை கடற்கரை மணல். மணலிலே சில்லு புதையும். உள்ளே மாளிகை கட்டிவிட்டு வெளியே மணலை விட்டுவைத்தால் பயனென்ன? ஆகவே வேலை வாசலில் அன்று, தெருவோரத்திலே தொடங்கவேண்டும்.

அடுத்து, கண்ணில்லாதார் படிப்பு. லூயி பிரெயில் தாமே பார்வையிழந்தவர். 1824இலே பதினைந்து வயதுச் சிறுவனாக இருந்தபோது ஆறு புள்ளிகளால் எழுத்தமைத்தார். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951இலே ஏற்கப்பட்டது. தமிழும் அதில் அடங்கும். சென்னை கோட்டூர்புரத்திலே 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெயில் பகுதியைத் தரைத்தளத்திலேயே அமைத்தனர். அவ்வளவு பெரிய நூலகம் நமக்கு இயலாது. ஆனால் இன்று வேறொரு வழி உண்டு. திரையிலுள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. என்விடிஏ என்னும் அதனை 2006இல் எழுதத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவிலே பார்வையற்ற ஓர் இளைஞர். அது தமிழையும் படிக்கும். ஒரு கணினியும் காதிலே மாட்டும் ஒலிக்கருவியும் போதும்.

ஆனால் ஒரு தடை உண்டு. அதை வைத்தவர்கள் நாமே. நம் மன்றத்தின் அறிவித்தல்களும் நூற்பட்டியலும் இன்றுவரை பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சாகின்றன. கண்ணால் பார்ப்பவர்க்கு அது தமிழ். கணினியின் உள்ளே அது தொடர்பற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம். மென்பொருள் அதனை அப்படியே உளறும். யூனிகோட் எழுத்திலே தட்டச்சினால் அதே பட்டியல் தெளிந்த தமிழாகக் காதிலே விழும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. பழக்கத்தை மாற்றும் மனமே வேண்டும். நூல்களைப் பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவத்துக்கு மாற்றப் பதிப்புரிமை தடையாகாதபடி 2013இலே மரகேஷ் நகரில் ஓர் உடன்படிக்கை உருவாயிற்று. 2016இல் இலங்கையும் அதிற் சேர்ந்தது.

இதுவரை சொன்னது வாசகரைப் பற்றி. எமது வேண்டுகோளில் மற்றப் பாதி, மேசைக்கு மறுபுறம் அமர்பவரைப் பற்றியது. குறையுடையோர் நூலகத்துக்கு வந்து பெறுவோராக மட்டுமே இருக்கவேண்டும் என்று யார் விதித்தார்? ஆர்ஜென்டினா நாட்டின் தேசிய நூலகத்துக்கு 1955இலே இயக்குநரான போர்ஹேஸ் பார்வை இழந்துகொண்டிருந்த எழுத்தாளர். பதினெட்டு ஆண்டுகள் அப்பதவியிலே இருந்தார். அவருக்கு முன்னும் பார்வையிழந்த இருவர் அதே நாற்காலியில் அமர்ந்தனர். நமது அரசாங்கமும் 1988ஆம் ஆண்டின் சுற்றறிக்கை ஒன்றிலே அரச வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றை வலுவிழந்தோர்க்கு ஒதுக்கும்படி கூறியுள்ளது. நூல் வழங்கும் மேசையின் ஒரு பகுதியைத் தாழ்த்தினால் சக்கர நாற்காலியிலிருப்பவர் அங்கே பணிசெய்யலாம். செவிப்புலனற்றவரோடு பேச ஒரு சிலேற்றோ கடதாசியோ போதும். அடுக்குவதும் அட்டை போடுவதும் பட்டியல் எழுதுவதும் எவராலும் ஆகும்.

எம் அண்ணரிடம் இரண்டாம் முறை சென்றோம். இம்முறை அவரைத் தூக்கிச் செல்ல அன்று, ஆலோசனை கேட்க. அளவுநாடாவை அவர் கையிலே கொடுத்தோம். நாம் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு, "பாதை சரி. திரும்புற இடம் காணாது" என்றார். ஐந்து அடி வேண்டிய இடத்தில் நாம் மூன்றரை அடி வைத்திருந்தோம். நால்வர் கூடிச் செய்த பிழையை அவர் ஒருவர் அமர்ந்தபடியே கண்டுபிடித்தார். அன்றுமுதல் எமது நூலகக் குழுவிலே அவரும் ஓர் அங்கத்தவர்.

பெரியோர்களே! கல்வியைக் கண்ணென்று போற்றும் சமூகம் நம்முடையது. அப்படியாயின், கல்விக் கூடத்தின் வாசலிலே ஒருவரைத் திருப்பியனுப்புவது அவர் கண்ணை இரண்டாம் முறை பறிப்பதாகும். முதல் முறை விதியோ போரோ கடலோ செய்தது; இரண்டாம் முறை செய்வது நாம். சீமெந்து தர வல்லார் சீமெந்து தருக. மேசன் வேலை அறிந்தோர் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தருக. தட்டச்சுத் தெரிந்த மாணவர்கள் நூற்பட்டியலை யூனிகோட்டிலே மாற்றித் தருக. பிரதேச சபைக்கு எழுதும் விண்ணப்பத்திலே பெரியோர்கள் கையொப்பம் தருக.

அடுத்த ஆண்டு விழாவிலே நாம் மேடையேறி வேறெதுவும் பேசவேண்டியதில்லை. அந்த அண்ணர் காலையிலே தனியாக வந்தார், பேப்பர் படித்தார், போனார் என்று ஒரு வரி அறிக்கை படித்தாற் போதும். கைதட்ட அங்கே எவரும் இருக்கவேண்டாம்.

கோணநாதர் திருவருள் துணைநிற்க.