முற்பணம் வாங்குமுன் யோசியுங்கள்

(வட்டுக்கோட்டையில் நடந்த கூட்டமொன்றில், வந்திருந்த தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



ஆட்கடத்தல் என்றதும், ஆளைக் கட்டித் தூக்கிப் போவது என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் நம் லயத்துக்கு வருகிறவன் கயிற்றோடு வருவதில்லை. தெரிந்த முகமாக வருவான். "பிள்ளை நல்லாச் சாப்பிடும், மாசம் பிறந்தா சம்பளம் வரும்" என்பான். கடைக்கடன் இருப்பதை அறிந்து முற்பணமும் நீட்டுவான்.

இந்த முற்பணம் நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன் பூட்டன்மாரைக் கங்காணிமார் அழைத்து வந்ததும் இப்படித்தான். கடன் தீராமல் தோட்டம் மாற விடாத துண்டு முறையை 1921ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. துண்டு போய்விட்டது, முற்பணம் போகவில்லை.

2021 ஜூலையில், கொழும்பில் முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் வேலைக்கு இருந்த டயகமப் பிள்ளை எரிகாயங்களோடு ஆஸ்பத்திரியில் இறந்தாள். வயது 16. கொண்டுபோய்ச் சேர்த்த தரகரும் கைதானார். மலையகமே வீதிக்கு இறங்கியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில், 18 வயதுக்குக் குறைந்தோருக்கு ஆகாத ஆபத்தான தொழில்களின் பட்டியலில் வீட்டு வேலையும் சேர்க்கப்பட்டது.

கொழும்பை மட்டும் சொல்லிப் பயனில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளிலும் மலையகப் பிள்ளைகள் வேலைக்கு நின்றிருக்கிறார்கள். வட்டுக்கோட்டையில் நின்று பேசும்போது இதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போக, அதே வயதுப் பிள்ளை அங்கே சட்டி கழுவுவது நியாயமா?

"தாய் தகப்பன் சம்மதிச்சுத்தானே அனுப்பினாங்க" என்று தரகர் தப்ப முடியாது. சிறுவரைச் சுரண்டலுக்காகக் கொண்டுபோவது, சம்மதம் இருந்தாலும் குற்றமே. 2006இல் திருத்திய தண்டனைச் சட்டக்கோவைப்படி அதற்கு 3 முதல் 20 ஆண்டுவரை சிறை.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை இவை:

18 வயதாகாத பிள்ளையை வீட்டு வேலைக்கு அனுப்பாதீர்கள். பெரியவர்கள் போவதானாலும், வேலை செய்யும் வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும் இல்லாமல் போகவேண்டாம். அடையாள அட்டையையும் கடவுச்சீட்டையும் தரகரிடம் விட்டுவைக்காதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு "விசிட் விசா போதும்" என்றால் நம்பாதீர்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989இல் கேளுங்கள். பிள்ளைக்கு ஆபத்தென்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கு உடனே பேசுங்கள்.

பக்கத்துக் காம்பிராவுக்குத் தரகர் வந்தாலும் "நமக்கென்ன" என்று இருந்துவிடாதீர்கள். தோட்டத் தலைவரிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். பிள்ளை பஸ் ஏறுமுன் கேட்கிற ஒரு கேள்வி, பிறகு நாம் போகிற ஊர்வலத்தை விடப் பெரிது.